படத்தைக் கீறு, விசையைக் குறி

எங்கள் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏ.எல். சோதினையும் நல்லூர்த் திருவிழாவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே வரும். ஆடி அமாவாசை கழிந்து கொடியேறினால் 25 நாள் கோவில். ஆகஸ்ட் பிறந்தால் சோதினை மண்டபம். அம்மாமார் விரதம் பிடித்து வெறுங்காலோடு நல்லூருக்கு நடந்தார்கள். பிள்ளைகள் விடிய நாலு மணிக்கு எழும்பிப் படித்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் ஒழுங்கைகளில் எந்த வீட்டில் வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே ஒரு சோதினைக்காரப் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிள்ளைக்கு முன்னால் விரிந்திருந்த கொப்பியில் பெரும்பாலும் ஒரு கப்பியோ, சாய்தளமோ, எறியமோ இருந்தது.

தொண்ணூறுகளின் முற்பாதியைச் சொல்கிறேன். அப்போது ஏ.எல்.லுக்கு நாலு பாடம், மொத்தம் 400 புள்ளி. கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். உயிரியல் பிரிவென்றால் தாவரவியலும் விலங்கியலும் வந்து கணிதம் இரண்டும் போய்விடும். பௌதிகவியலும் இரசாயனவியலும் இரண்டு பக்கத்துக்கும் பொது. எழுபதுகளில் தரப்படுத்தலும் மாவட்டக் கோட்டாவும் வந்த பிறகு, யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஒவ்வொரு புள்ளியும் உயிர். எந்த இடத்தில் புள்ளி கூட எடுக்கலாம் என்று கேட்டால், அண்ணைமார் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "பொறியியலைப் பிடியடா தம்பி. அது பாடமாக்கிற விசயமில்லை. விளங்கினால் முழுப் புள்ளியும் உனக்குத்தான்."

அந்தப் பொறியியல், அதாவது விசையும் இயக்கமும் பற்றிய பகுதி, எங்களுக்கு இரண்டு வாசலால் வந்தது. பௌதிகவியலில் அது ஓர் அலகு. அங்கே புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 என்று வினாத்தாளின் தலையிலேயே போட்டிருக்கும். கணிப்பான் கொண்டுபோக முடியாது. எண்களையெல்லாம் கையாலேயே சுருக்கி விடைக்கு வரவேண்டும். பிரயோக கணிதத்தில் எண்ணே இராது. ஜீ ஜீயாகவே கடைசி வரி வரைக்கும் வரும். திணிவு எம், நீளம் எல், கோணம் அல்பா. முதல் வாசலில் கண்ட கப்பியும் இழையும் இரண்டாவது வாசலில் முகம் மாறி வந்து நிற்கும். உயிரியல் பிள்ளைகளுக்குப் பிரயோக கணிதத்தின் துணை கிடையாது. டொக்டராக வேண்டும் என்று வந்த பிள்ளைகள் திருப்பத்தோடும் உந்தத்தோடும் தனியாக மல்லுக்கட்டினார்கள். அவர்களுக்காகவே சில ரியூட்டரிகளில் ஞாயிறு விடிய ஒரு தனி வகுப்பு நடந்தது.

1990 ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளின் இயக்கத்துக்கும் இடையே சண்டை மீண்டும் தொடங்கிய ஆண்டிலேயே மின்சாரம் நின்றுபோனது. பெற்றோல், பற்றறி, சீமெந்து எல்லாம் தடை. மண்ணெண்ணெய் வந்தாலும் வாங்குகிற விலையில் இல்லை. அப்போதுதான் ஜாம் போத்தல் விளக்கு வீட்டுக்கு வீடு வந்தது. வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊற அளவாக மண்ணெண்ணெய், நடுவே ஒரு கம்பியில் பிடித்து நிறுத்திய நூல்திரி. சுவாலை போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது. ஒரு சின்ன மூடி எண்ணெயில் ஓர் இரவு ஓடும். அதன் வெளிச்சம் கொப்பியின் பாதிப் பக்கத்துக்குத்தான் காணும். படம் கீறும்போது விளக்கைப் படத்துக்குப் பக்கத்தில் வைப்போம். சமன்பாடு எழுதத் தொடங்கியதும் கீழே தள்ளி வைப்போம். இரண்டு பேர் ஒரு விளக்கில் படித்தால் எதிரெதிரே இருக்க முடியாது, தோளோடு தோள் முட்ட ஒரே பக்கமாகத்தான் இருக்கவேண்டும். எங்கள் தலைமுறை கூட்டுப் படிப்புப் படித்தது என்றால் அதற்கு எண்ணெய்த் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

ரியூட்டரி என்பது கிடுகு வேய்ந்த ஒரு நீளக் கொட்டில். நிலம் மணல். வாங்குகளில் ஒரு பக்கம் பெடியள், மறு பக்கம் பெட்டையள். முன்னால் இரண்டு கறுப்புப் பலகை. வெளியே வேலியோரம் சைக்கிள்கள் ஒன்றில் ஒன்று சாய்ந்து கிடக்கும். கொட்டிலுக்குப் பின்னால் தென்னங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர். எங்களுக்குப் பொறியியல் படிப்பித்த மாஸ்ரர் வெள்ளை வேட்டி கட்டி, பழைய றலி சைக்கிளில் வருவார். பலகை துடைக்கிற சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு, கணக்கை இரண்டு தரம் நிறுத்தி வாசிப்பார். வாசித்து முடித்ததும் எவராவது பேனையை எடுத்துச் சமன்பாடு எழுதத் தொடங்கினால் பொறுக்கமாட்டார்.

"பேனையை வையும். பென்சிலை எடும். முதல்ல படத்தைக் கீறும். பிறகு ஒரு துணிக்கையை மட்டும் தனிய எடும். அதிலை என்னென்ன விசை தாக்குது எண்டு குறியும். ஒண்டையும் விடக்கூடாது, இல்லாத ஒண்டையும் சேக்கக்கூடாது. சமன்பாடு தன்பாட்டில வரும்."

இந்த வாக்கியங்களை அவர் எத்தனை ஆண்டு, எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பாரோ. ஒவ்வொரு தரமும் புதிதாகச் சொல்கிற உறுதியோடுதான் சொன்னார். நிறை கீழ்நோக்கி. தளம் தொடுகிற இடத்தில் தளத்துக்குச் செங்குத்தாக மறுதாக்கம். இழை இருந்தால் இழை வழியே இழுவை. கரடான தளமென்றால் உராய்வு. அது எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமானால் துணிக்கை எந்தப் பக்கம் வழுக்கப் பார்க்கிறது என்று முதலில் கேள். அவ்வளவுதான். கீறிய படத்தில் இந்த நாலைந்து அம்புக்குறிகள் வந்துவிட்டால் எத்தனை வரிக் கணக்கும் அடங்கிவிடும்.

ஒப்பமான, இலேசான கப்பி ஒன்று. அதன் மேலாகப் போகிற இலேசான, நீட்டமுடியாத இழை. ஒரு நுனியில் 3 கிலோகிராம், மறு நுனியில் 2 கிலோகிராம். ஓ.எல். முடித்து வந்த பிள்ளைக்கு அவர் கொடுக்கிற முதல் கணக்கு அதுதான். இரண்டு துணிக்கைகளையும் தனித்தனியாக எடுக்கச் சொல்வார். பெரிய திணிவில் கீழே 30 நியூட்டன் நிறை, மேலே இழுவை. சின்னத் திணிவில் கீழே 20, மேலே அதே இழுவை. இரண்டு சமன்பாட்டையும் கூட்டினால் இழுவை வெட்டுப்பட்டுப் போகும்; ஆர்முடுகல் 2 என்று வரும். அதைத் திரும்பப் பிரதியிட்டால் இழுவை 24 நியூட்டன். எல்லாரும் கீழே கோடிட்டு முடித்த பிறகுதான் அவர் உண்மையான கேள்வியைக் கேட்பார்: "கப்பியைத் தூக்கிப் பிடிக்கிற கொளுக்கியில எவ்வளவு சுமை?" வகுப்பு முழுக்க ஒரே குரலில் 50 என்று சொல்லும், 3உம் 2உம் 5 கிலோகிராம் என்பதால். அவர் இல்லை என்று தலையாட்டுவார். கப்பியைத் தனிய எடுத்துப் படம் கீறினால், அதைக் கீழே இழுப்பவை இரண்டு இழுவைகள் மட்டுமே. 24உம் 24உம் 48. இழை கப்பியோடு இறுக்கிப் பிடிபட்டுத் திணிவுகள் அசையாமல் தொங்கும்போது 50 தாங்குகிற கொளுக்கி, விட்டவுடன் 48 தாங்குகிறது. அந்த 2 நியூட்டன் எங்கே போனது என்று யோசித்துக்கொண்டு நான் வீடு வரைக்கும் சைக்கிள் மிதித்தேன். கண்ணுக்கு முன்னால் தொங்குகிற பொருளைப் பார்த்தே ஏமாந்துபோகலாம், படம் கீறினால் ஏமாற முடியாது என்பதை அன்று பிடித்துக்கொண்டேன். படிப்பின் ருசி எனக்குத் தெரிந்த நாள் அது.

பிறகு எதைப் பார்த்தாலும் விசைதான் தெரிந்தது. தண்ணீர் இறைக்கிற மோட்டர்கள் எண்ணெயில்லாமல் ஓய்ந்த அந்த ஆண்டுகளில், எங்கள் அயலில் ஒரு தோட்டக் கிணற்றில் பழைய துலா திரும்பவும் ஏறி இறங்கியது. நீண்ட மரம், ஆடுகாலில் ஓர் அச்சு, ஒரு நுனியில் கொடியும் பட்டையும். ஒருவர் மரத்தின் மேலேயே முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பார். இன்னொருவர் கிணற்றடியில் நின்று தண்ணீரை வாய்க்காலுக்குச் சரிப்பார். மிதிக்கிறவர் அச்சிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போனால் நிரம்பிய பட்டை மேலே வரும் என்பது எங்களுக்குத் திருப்பக் கணக்கு. தண்ணீரின் நிறையையும் அதன் தூரத்தையும் ஒரு பக்கம் பெருக்கி, ஆளின் நிறையையும் அவர் தூரத்தையும் மறுபக்கம் பெருக்கிச் சமப்படுத்தினால் விடை வந்துவிடும். நாங்கள் கொப்பியில் போட்டுப் பார்த்த இடத்தில்தான் அந்தப் பெரியவரின் கால் ஒவ்வொரு முறையும் போய் நின்றது. அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. தன் உடம்பின் நிறையை எங்கே வைக்கவேண்டும் என்று அவருக்கு உள்ளங்கால் சொல்லியிருந்தது.

நல்லூர்த் தேரும் அப்படித்தான் மாறிப்போனது. வடம் பிடிக்கிறவர்கள் எவ்வளவு இழுத்தும் முதலில் தேர் அசையாது. பிறகு ஒரு கணத்தில் வெடுக்கென்று புறப்படும். புறப்பட்டபின் இழுப்பது இலேசு. ஓய்விலுள்ள பொருளின் எல்லை உராய்வு, இயங்கும்போதுள்ள உராய்விலும் பெரிது என்று கொப்பியில் எழுதியிருந்தோம். ஆயிரக்கணக்கான கைகள் ஒரு வடத்தில் அதை எழுதிக் காட்டியதை வீதியில் நின்று பார்த்தோம். முருகனைக் கும்பிட்ட கையை எடுத்த பிறகும் நான் சில்லின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்திக்கு அதில் ஒரு குறையும் வரவில்லை. கூடியதென்றே சொல்வேன்.

எங்களில் மிகத் தெளிவான மூளை என் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்த நண்பனுடையது. அவன் கணக்குச் செய்கிற விதத்தைப் பார்த்திருப்பதே ஒரு சந்தோசம். ஆப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு; பிரயோக கணிதக்காரருக்கு அது பெரிய மதில். ஒப்பமான கிடை மேசையில் ஓர் ஆப்பு. அதன் ஒப்பமான சாய்ந்த முகத்தில் ஒரு துணிக்கை வழுக்கி இறங்குகிறது. துணிக்கை ஒரு பக்கம் இறங்க, ஆப்பு மறுபக்கம் பின்வாங்கும். துணிக்கையின் ஆர்முடுகல் என்ன, ஆப்பின் ஆர்முடுகல் என்ன? நான் பல இரவு அதில் முட்டிக்கொண்டு கிடந்தேன். சாய்தளம் என்றால் அசையாமல் நிற்பது என்ற பழக்கம் என் தலையை விட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டு விறாந்தையில், ஒரே விளக்கில், அவன் என் படத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மச்சான், ஆப்பு நிக்குதெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

சொல்லிவிட்டு என் படத்தில் இரண்டு அம்புக்குறி போட்டான். ஆப்புக்கு இடப்பக்கமாக ஒரு ஆர்முடுகல். துணிக்கைக்கு, ஆப்பில் ஏறியிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிகிற ஆர்முடுகல், சாய்வு வழியே கீழே. மேசையில் நிற்கிற எங்களுக்கு இரண்டையும் கூட்டித்தான் பார்க்கவேண்டும். பிறகு எல்லாம் இரண்டே சமன்பாடு. கிடையாக வெளிவிசை எதுவும் இல்லாதபடியால் முழுத் தொகுதிக்கும் கிடை வழியே ஒன்று. துணிக்கைக்குச் சாய்வு வழியே ஒன்று. இரண்டு திணிவும் சமமாக, கோணம் 45 பாகையாக எடுத்தால், ஆப்பு ஜீயின் மூன்றிலொரு பங்கு ஆர்முடுகலோடு பின்னே போகிறது என்று விடை வந்தது. நான் கொப்பியை மூடப்போனேன். அவன் விடவில்லை. "விடை சரியோ எண்டு கேக்கிறதுக்கு மாஸ்ரர் வேண்டாம். ஆப்பின்ரை திணிவைப் பெரிசாக்கிப் பார். மலையளவு ஆப்பெண்டால் அது அசையக்கூடாது. உன்ரை கோவையில அப்பிடி வருதோ?" பொது விடையை எடுத்து, ஆப்பின் திணிவை முடிவில்லாமல் கூட்டிப் பார்த்தோம். ஆப்பின் ஆர்முடுகல் பூச்சியத்துக்குப் போனது. துணிக்கையுடையது, பழைய அசையாத சாய்தளத்தில் படித்த அதே ஜீ சைன் அல்பாவாக வந்து நின்றது. அன்று இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. விடைத்தாள் இல்லாமல், வாத்தியார் இல்லாமல், ஒரு மனிதன் தன் விடை சரி என்று தானே அறிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்பதைப் பதினெட்டு வயதில் அறிவது சின்ன விசயமல்ல.

எறியங்கள் அத்தியாயம் தொடங்கிய கிழமையில் இராணுவ முகாம் பக்கமிருந்து ஷெல் அடி தொடங்கியிருந்தது. தூரத்தில் குத்துகிற சத்தம் கேட்கும்; பிறகு ஓர் இடைவெளி; பிறகு எங்கேயோ விழுந்து வெடிக்கும். சின்னப் பிள்ளைகளும் அந்த இடைவெளியை எண்ணப் பழகியிருந்தார்கள். முன்வாங்கில் இருக்கிற ஓர் உயிரியல் பிரிவுப் பிள்ளை, அதிகம் வாய் திறக்காதவள், அன்று எழும்பி நின்று கேட்டாள்: "சேர், குத்திற சத்தம் கேட்டாப் பிறகு எங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

மாஸ்ரர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சீலையால் பலகையை முழுக்கத் துடைத்தார். 5 கிலோமீற்றரில் மோட்டார் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, வளித்தடையைப் புறக்கணித்து, 45 பாகையில் எறியப்படுவதாக எடுத்தார். கிடை வீச்சு 5000 மீற்றராக இருக்க வேண்டுமானால் எறியும் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 224 மீற்றர். பறக்கிற நேரம் ஆயிரத்தின் வர்க்கமூலம், அதாவது 31.6 செக்கன். ஒலி செக்கனுக்கு 330 மீற்றர் போகும். 5000 மீற்றருக்கு 15 செக்கன் எடுக்கும். மோட்டார் ஷெல் ஒலியிலும் மெதுவாகப் போவதால் சத்தம் முந்தி வருகிறது. கழித்தார். பலகையின் அடியில் 16 செக்கன் என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு பெட்டி அடித்தார். "கிட்டவிருந்து அடிச்சால் குறையும். கோணம் மாறினால் மாறும். ஆனால் சத்தம் கேட்டவுடனை ஓடினால் நேரம் இருக்கு, பிள்ளையள். ஆரும் பயத்தில உறைஞ்சுபோய் நிக்கக்கூடாது." பிறகு கடைசி வாங்கிலிருந்து பங்கர் வாசலுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்த்தோம். வாங்குகளை மாற்றிப் போட்டோம். பெட்டையளின் பக்கம் கதவு இல்லாததால் கிடுகுச் செத்தையில் ஒரு வாசல் வெட்டினோம். நான் படித்த எந்தப் பாடமும் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு உடனடியாக ஒரு உயிருக்கு உதவியாக நின்றதில்லை. அந்தப் பிள்ளை இன்று வன்னியில் பௌதிகவியல் படிப்பிக்கிறாள்.

புத்தகங்கள் பற்றியும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஜூன் முதலாம் திகதி இரவு எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. நாங்கள் அப்போது சின்னப் பள்ளிக்கூடத்தில். எங்களுக்கு வயது வந்தபோது, எங்களுக்கு முந்தியவர்கள் போயிருந்து படித்த மேசைகள் அங்கே இல்லை. நெல்கனும் பார்க்கரும் எழுதிய தடித்த ஆங்கிலப் பௌதிகப் புத்தகம் எங்கள் வட்டாரத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லோனி எழுதிய நிலையியல், இயக்கவியல் கணக்குகள், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் அலுமாரியில் செல்லரித்தபடி இருந்தன. அவற்றிலிருந்து கணக்குகளை நாங்கள் கையால் பார்த்து எழுதினோம். கொப்பி கிடைக்காத காலம். பழைய கணக்குப் புத்தகங்களின் எழுதாத பின்பக்கங்களில் எழுதினோம். பாஸ் பேப்பர், அதாவது முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள், ஒருவரிடம் இருந்தால் அது கைமாறிக் கைமாறி ஊர் சுற்றும். ஓரத்தில் ஒவ்வொருவரும் தன் வழியைப் பென்சிலால் எழுதிவிடுவார்கள். சக்திக் காப்பால் ஒருவர், உந்தத்தால் ஒருவர், வேக நேர வரைபு கீறி அதன் பரப்பால் இன்னொருவர். கொக்குவிலில் ஒரு பிள்ளை எழுதிய வழியை அரியாலையில் ஒரு பிள்ளை வாசித்து, அதன் கீழே இன்னும் குறுகிய வழி ஒன்றை எழுதியது. ஒருவரையொருவர் தெரியாது. கையெழுத்துத் தெரியும்.

பெறுபேறு வந்த பிறகு கிளாலியால்தான் வெளியே போனோம். ஆனையிறவுப் பாதை மூடிக்கிடந்தது. கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்து, பூநகரிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து வவுனியா போய், பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் போனோம். அந்தக் கடலில் உயிரை விட்டவர்களும் உண்டு. பொறியியலாளர் ஆனவர்கள் உண்டு. டொக்டர்கள் ஆனவர்கள் உண்டு. வெட்டுப்புள்ளிக்கு இரண்டு மூன்று புள்ளி குறைந்து வீட்டில் இருந்தவர்கள் உண்டு. அவர்களும் அதே கணக்குகளைச் செய்தவர்கள்தான். ஆப்புக் கணக்குச் சொல்லித் தந்த நண்பன் சோதினைக்கு வரவில்லை. அவன் இயக்கத்துக்குப் போனான், திரும்பவில்லை. அவன் தாய் அவனுடைய கொப்பிகளைச் சீலையில் சுற்றி வைத்திருந்தார்.

இராணுவம் நெருங்கிவர, 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க இடமில்லை. தலையில் பெட்டி, கையில் பிள்ளை, சைக்கிளில் கிழவி. எடுக்க முடிந்ததைத்தான் எடுத்தார்கள். அரிசி எடுத்தவர்கள் கொப்பி எடுக்கவில்லை. எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்த கணக்குக் கட்டு, ஓரக் குறிப்புகள் நிறைந்த அந்தப் பாஸ் பேப்பர்கள், நண்பனின் தாய் சுற்றி வைத்திருந்த கட்டு எல்லாம் அங்கேயே நின்றன. மாதங்கள் கழித்துத் திரும்பியவர்களுக்குக் கூரையே இருக்கவில்லை. ஆனாலும் தென்மராட்சியில், இடம்பெயர்ந்த சனம் சமையலுக்கு விறகு தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களிலேயே, மரத்துக்குக் கீழே பலகை தொங்கியது. எங்கள் மாஸ்ரர் அங்கேயும் நின்று, படத்தைக் கீறும் என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். அவரும் இப்போது இல்லை.

இன்று யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கிறது. பிரயோக கணிதமும் தூய கணிதமும் சேர்ந்து இணைந்த கணிதம் ஆகிவிட்டன. பாடம் மூன்றாகி, இசட் புள்ளி வந்துவிட்டது. பாஸ் பேப்பரோடு புள்ளியிடும் திட்டமும் அச்சில் கிடைக்கிறது. கைபேசியைத் திறந்தால் எந்தக் கணக்கையும் செய்து காட்ட ஒருவர் காத்திருக்கிறார். எங்களுக்கு இல்லாதது அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. இருட்டையும் ஷெல்லையும் எந்தப் பிள்ளைக்கும் நான் வேண்டமாட்டேன். ஆனால் ஊருக்குப் போகிறபோது பிள்ளைகள் கணக்குச் செய்வதைப் பார்க்கிறேன். கணக்கை வாசித்து, இரண்டு நிமிடம் பார்த்து, உடனே விடையைத் திறக்கிறார்கள். படம் விடையோடு சேர்ந்து ஆயத்தமாக வருகிறது. தனிய எடுக்கவேண்டிய துணிக்கையை வேறு எவரோ தனிய எடுத்துத் தந்துவிடுகிறார்கள். கணக்கில் மிக அருமையான பகுதி அதுதான், அதையே அவர்களிடமிருந்து நாங்கள் எடுத்துவிட்டோம்.

பொறியியல் எங்களுக்குத் தந்தது பல்கலைக்கழக இடம் மட்டுமல்ல. ஒரு பொருளைச் சுற்றமெல்லாம் விட்டுத் தனியாக எடுத்து, அதில் உண்மையில் என்னென்ன தாக்குகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து, பயத்தால் ஒன்றைச் சேர்க்காமல், விருப்பத்தால் ஒன்றை விடாமல் பார்க்கிற பழக்கத்தை அது தந்தது. சுற்றிவரச் செய்திகளும் வதந்திகளும் அழுகையுமாக இருந்த காலத்தில், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அப்படிப் பார்க்கப் பழகினார்கள். பின்னாளில் வேற்று நாட்டு விசா அலுவலகத்திலும், ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும், காணி வழக்கிலும் அந்தப் பழக்கம்தான் என்னைத் தாங்கியது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற என் வகுப்பாரும் இதையே சொல்கிறார்கள். அதை நாங்கள் தனியே பெறவில்லை. ஒரே விளக்கில் தோள் முட்ட இருந்தவர்கள், ஓரத்தில் பென்சிலால் எழுதிப் போனவர்கள், திரும்பி வராதவர்கள் எல்லாரிடமிருந்தும் பெற்றோம்.

ஆகவே படிப்பிக்கிறவர்களிடமும் பெற்றாரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கிழமையில் ஒரு நாள், பிள்ளைக்கு ஒரே ஒரு கணக்கைக் கொடுங்கள். விடையை அன்று கொடுக்காதீர்கள். இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். ஒரு வெறுந்தாளும் பென்சிலும் போதும். முடியாமல் எழும்பினாலும் அடுத்த நாள் அதே கணக்கோடு திரும்பி வரட்டும். வேறு கணக்குக் கொடுக்காதீர்கள். விடை வந்ததும் திணிவைப் பெரிதாக்கிப் பார், கோணத்தைப் பூச்சியமாக்கிப் பார், சரியா என்று நீயே சொல்லு என்று கேளுங்கள். எங்கள் மாஸ்ரர்மார் எங்களுக்குச் செய்தது அவ்வளவுதான். அவர்களுக்கு நாங்கள் பட்ட கடனை அடைக்க எனக்கு இதைவிட வேறு வழி தெரியவில்லை.